பெயர் கூப்பிட்டபோது

கேள்வி நேரத்தில் சபாநாயகர் பெயரைக் கூப்பிட்டபோது எங்கள் ஊர் உறுப்பினரின் குரல் மட்டும் எழுந்து சபைக்குள் ஓடியது. உறுப்பினர் கேன்டீனிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த மாதம்தான் கேன்டீனில் டீ விலையை ஏற்றியிருந்தார்கள். அதைப் பற்றி எல்லாக் கட்சிக்காரர்களும் அபூர்வ ஒற்றுமையோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் பெயர் கேட்டதும் ‘இருக்கிறேன்’ என்று சொல்ல அவர் வாய் பழக்கத்தில் திறந்தது. பல்லைக் கடித்து அடக்கினார். அதற்குள் குரல் வெளியே போய்விட்டது. நீளமான தாழ்வாரத்தில் அது மூச்சு வாங்க ஓடியதைக் கோப்புகளோடு எதிரே வந்த எழுத்தர்கள் கேட்டிருக்கிறார்கள். வாயில் காவலர், தாமதமாக வரும் உறுப்பினர்களுக்கு வழக்கமாகச் செய்வது போலவே, லேசாகக் குனிந்து கதவைத் திறந்துவிட்டார். ஆனாலும் பிந்திவிட்டது. “உறுப்பினர் இருக்கையில் இல்லை” என்று சொல்லிவிட்டுச் சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போயிருந்தார். குரல் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது. கேன்டீனில் உறுப்பினர் மிச்ச டீயையும் குடித்து முடித்து, கிளாஸை எடுக்க வந்தவருக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

அவரை நாங்கள் கேள்விக்காரர் என்றுதான் சொல்வோம். அரசியலுக்கு வருவதற்கு முன் தையல் மெஷின் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். வீடு வீடாகப் போய், எப்போதிருந்து இந்தச் சத்தம், எந்தத் துணி தைக்கும்போது நூல் அறுகிறது, கடைசியாக எண்ணெய் விட்டது யார் என்று விசாரிப்பார். முழுக்கக் கேட்டு முடிக்காமல் திருப்புளியை எடுக்கவே மாட்டார். சபைக்குப் போன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அவர் அனுப்பிய எழுத்து வினாக்களைப் போல வேறு யாரும் அனுப்பியதில்லை. ரயில் நிலையத்து பெஞ்சுகள் ஏன் தண்டவாளத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி போடப்பட்டிருக்கின்றன? தபால்தலைக்குப் பின்னால் தடவும் பசை ஏன் விரலில் மட்டும் ஒட்டுகிறது? மாவட்ட மருத்துவமனையில் சக்கர நாற்காலி உண்டு, சக்கரம் எங்கே? பதில்கள் சில வாரங்களில் அச்சாகி வரும். ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’, ‘பரிசீலனையில் உள்ளது’, ‘இக்கேள்வி எழவில்லை’. அவற்றை நாங்கள் சலூனில் உரக்க வாசித்துச் சிரிப்போம். சிரித்தாலும் பெஞ்சுகளை ஒரு நாள் திருப்பிப் போட்டார்கள், பசையும் மாறியது. விவாதங்களிலும் அவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். மீன்வலை வரியோ, எடைக்கல் சட்டமோ, எதைப் பற்றிப் பேச எழுந்தாலும் கடைசியில் ஒரு கேள்வியோடுதான் உட்காருவார். அவர் மனைவிக்கு மட்டும் இதில் பெருமை கிடையாது. சாப்பாடு தயாரா என்று உள்ளே வந்து கேட்டால், “தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது” என்று அடுக்களையிலிருந்து பதில் வரும்.

ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றின் ஒரு கரையில் நூல் ஆலை, மறுகரையில் தொழிலாளர் குடியிருப்பு. இரண்டுக்கும் இடையே மரப்பலகை போட்ட நடைபாலம். கேள்விக்காரரின் அக்கா அந்த ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தார், அக்காவின் வீட்டுக்காரர் கொதிகலன் பிரிவில். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தன் சம்பளத்தில் வளர்த்து, முதல் திருப்புளியை வாங்கிக் கொடுத்ததும் அக்காதான். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், பாலத்திலிருந்து பிய்த்து எடுத்த ஒரு மரத்துண்டைத் தம்பியின் மேஜைமேல் வைத்தார். வைத்த இடத்திலேயே அது பொடியாக உதிர்ந்தது. “வருஷா வருஷம் பலகை மாத்துனதா சொல்றாங்க. எவனும் மாத்தலை. இதுமேலதான்டா தினம் நடக்கிறோம்” என்றார். எழுதி அனுப்புகிறேன் என்றார் தம்பி. “எழுதிப் போட்டா எழுத்துலதான் பதில் வரும். எழுந்து நின்னு கேளு. அந்த அமைச்சர் மூஞ்சியப் பார்த்துக் கேளு.” அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. வாய்மொழி வினா என்றால் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், மழுப்பினால் துணைக்கேள்வி கேட்டு மடக்கலாம். கேள்விக்காரர் வாய்மொழி வினா கொடுத்தார். குலுக்கலில் அது முதல் கேள்விகளிலேயே வந்து விழுந்தது.

குலுக்கல் முடிந்த மறுநாள் கட்சிக் கொறடா அவரைத் தேடி விடுதி அறைக்கே வந்தார். பலகை மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கிய ஒப்பந்தக்காரர் பொதுப்பணி அமைச்சரின் மைத்துனர் என்பது அப்போதுதான் கேள்விக்காரருக்குத் தெரிந்தது. கொறடா மிரட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நயமாகத்தான் பேசினார். “அண்ணே, கேள்விய வாபஸ் வாங்க வேணாம். வாங்கினா ஏன்னு கேப்பாங்க. உங்க பேரக் கூப்பிடுற நேரத்துல நீங்க சீட்ல இல்லைன்னா போதும். கேள்வி தானா செத்துடும், யார் மேலயும் பழி இல்ல. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. உங்க ஊர் குடிநீர்க் குழாய் ஃபைல் ரொம்ப நாளா கிடக்குல்ல? இந்த வாரமே கையெழுத்தாகும்.” எங்கள் ஊர்ப் பெண்கள் அப்போது குடத்தோடு ரயில் நிலையம்வரை நடந்துகொண்டிருந்தார்கள். பாலத்தை அடுத்த கூட்டத்தொடரில் கேட்டுக்கொள்ளலாம், தண்ணீரை இப்போதே வாங்கிவிடலாம் என்று கேள்விக்காரர் இரவெல்லாம் தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். அதனால்தான் இதைச் சொல்வதற்கே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

குழாய் வந்தது. திறந்த முதல் நாள் தெருவெல்லாம் நனைந்து கிடந்தது. குரல் இல்லாமல் ஊர் திரும்பிய உறுப்பினரைத் தோளில் தூக்காத குறைதான். டாக்டர் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் இருக்கிறது, குரல் மட்டும் இல்லை என்றார். சபையில் எங்களுக்காகக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது என்று யாரோ சொல்ல, அதையே எல்லோரும் பிடித்துக்கொண்டோம். அக்காவும் அப்படித்தான் நம்பினார். “கேட்டியாடா? பாலத்தப் பத்திக் கேட்டியா?” என்றார். கேள்விக்காரர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அவருக்கே நிச்சயமில்லை. அக்கா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த மழைக்காலத்தில், மாலை ஷிப்ட் விட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தபோது பாலம் நடுவில் முறிந்தது. அக்காவின் செருப்பு வார் ஆலை வாசலிலேயே அறுந்துபோயிருந்தது. “நீங்க முன்னாடி போங்க, இதக் கட்டிட்டு வரேன்” என்று கணவரை அனுப்பிவிட்டுக் குனிந்தவர், நிமிர்ந்தபோது பாலத்தின் நடுப்பகுதி இல்லை. போனவர்களில் பாதிப் பேரை ஆறு திருப்பித் தந்தது. அக்கா வீட்டுக்காரரின் சாப்பாட்டு டப்பா மறுநாள் மூடி கழலாமல் கரை ஒதுங்கியது, அவர் உடல் அதற்கும் பிறகுதான் ஒதுங்கியது. நாங்கள் எல்லோரும் கரையில் நின்றோம். கேள்விக்காரர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பார்த்தவர்களுக்கு அவர் கதறுவது போலத்தான் தெரிந்தது.

சபை மறுபடி கூடிய அன்று, இறந்தவர்களுக்காக எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். அந்த மௌனத்தின் நடுவில் காலி நாற்காலி பேசியது. “ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையிலுள்ள நடைபாலத்தின் பலகைகள் உளுத்துப்போயிருப்பது பொதுப்பணி அமைச்சருக்குத் தெரியுமா? தெரியுமென்றால், எப்போது மாற்றப்படும்?” அமைச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. செத்த கேள்வியை மறுபடி எழுப்ப விதியில் இடமில்லை என்று ஆளுங்கட்சி ஆட்சேபித்தது. ஆள் இல்லாமல் குரல் மட்டும் சபையில் இருக்கலாமா என்றும் வாதம் வந்தது. சபாநாயகர் சட்டம் தெரிந்தவர், ஒரு நாள் அவகாசம் எடுத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார். உறுப்பினராக உறுதிமொழி எடுத்தது குரல்தான். உடம்பு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவே. ஆகவே குரலே உறுப்பினர். உடம்பு விரும்பினால், மற்ற பொதுமக்களைப் போல அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளர் மாடத்தில் உட்காரலாம். இந்தத் தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அதன் பிறகு வருடக்கணக்காகக் குரல் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. ஆடு மாடு கணக்கெடுப்பு மசோதாவில் ஆடுகளைப் பற்றி இரண்டு வாக்கியம் மரியாதையாகப் பேசிவிட்டுப் பாலத்துக்கு வரும். நாணயங்களின் விளிம்பு பற்றிய விவாதத்திலும் பாலத்துக்கு வந்தது. தேர்தல் வந்து எங்கள் ஊருக்கு மருந்துக்கடைக்காரர் உறுப்பினரானார். குரல் தேர்தலில் நிற்கவே இல்லை, நிற்காதவரைத் தோற்றவராக எப்படி எடுத்துக்கொள்வது என்று சபாநாயகருக்குக் குழப்பம். அதனால் அது இருந்த இடத்திலேயே இருந்தது. மருந்துக்கடைக்காரர் அதே நாற்காலியில் கொஞ்சம் ஒதுங்கி உட்காரப் பழகிக்கொண்டார். அமைச்சர் பதவி இழந்தார், மைத்துனர் நாட்டை விட்டே ஓடினார், கொறடா தூதராகி எங்கோ குளிர்தேசத்துக்குப் போனார். ஒரு புதிய அமைச்சர் தொல்லை தாங்காமல் இரும்பில் பாலம் கட்டிக் கொடுத்தார். எங்கள் ஊர் அந்தப் பாலத்துக்குக் கேள்விக்காரரின் பெயரையே வைத்தது.

கேள்விக்காரரோ தையல் மெஷின்களிடம் திரும்பியிருந்தார். கேள்வி கேட்க முடியாததால் ரிப்பேர் சரியாக அமையவில்லை. ஆனாலும் ஜனங்கள் நல்ல மெஷின்களைக்கூட அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். டீக்கடையில் அவர் நுழைந்தால் எழுந்து நிற்போம். அவர் டீயே குடிப்பதில்லை என்பதைக் கவனித்தோம், தொண்டைக்கு ஆகாது போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம். சாயங்காலங்களில் அக்கா வீட்டுக்குப் போவார். அக்கா வெந்நீரில் உப்புப் போட்டு வைத்திருப்பார், அவர் கொப்பளிப்பார். அவர் கொப்பளித்து முடித்ததும் அக்கா ஒவ்வொரு நாளும் அதையேதான் சொல்வார். “நான்தான்டா அவரை முன்னாடி அனுப்பினேன். நில்லுங்கன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பாரு. செருப்ப கையில எடுத்துக்கிட்டு கூடவே போயிருந்தாலும் போயிருப்பேன்.” தம்பி அவர் கையைத் தட்டிக் கொடுப்பார். குரல்தான் போனதே தவிர அவருக்குக் கை நன்றாகத்தான் இருந்தது. கடைக்கு உப்பு, சோப்பு என்று சீட்டு எழுதி அனுப்பிய கைதான். தான் கேட்கவே இல்லை என்ற அந்த ஒரு விஷயத்தையும் எழுதிக் காட்டியிருக்கலாம். அக்கா தன்மேல் போட்டுக்கொண்டிருந்த சுமையில் பாதியாவது இறங்கியிருக்கும். அவர் எழுதவில்லை. அக்காவின் முகத்தில் தனக்காக இருந்த பெருமையை இழக்க அவருக்கு மனம் வரவில்லை. பாலத்தின் விஷயத்தில் செய்தது தப்பு என்றால் இது பாவம். இதை அவரும் அறிவார்.

இரும்புப் பாலம் திறந்த பிறகு குரல் கேள்வியை மாற்றிக்கொண்டது. இப்போது அது அமைச்சரைக் கேட்கவில்லை. “பெயர் கூப்பிட்டபோது உறுப்பினர் எங்கே இருந்தார்?” என்று பொதுவாகக் கேட்டது. இது எந்தத் துறைக்கும் உரிய கேள்வி அல்ல என்று சொல்லி, தினமும் அதைக் குறிப்பிலிருந்து நீக்கும்படி சபாநாயகர் உத்தரவிட்டார். அதனால் அச்சில் வரவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒரு முறை கேள்விக்காரரிடம் காதும் காதும் வைத்தாற்போல் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சபை என்ற பேச்சு வந்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுவார். ஏனென்றால் அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. “ஆலையில ஓய்வு குடுத்ததும் ஒரு தடவ சபைக்குப் போயி உன் குரலக் கேக்கணும்டா. எத்தனை வருஷமாச்சு அதக் கேட்டு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓய்வும் வந்தது. பஸ் நெரிசல், மூட்டு வலி, சபை கூடவில்லை என்று கேள்விக்காரர் கையாலேயே காட்டிய சாக்குகளை அக்கா காதில் வாங்கவில்லை. இஸ்திரி போட்ட புடவையும் புதுச் செருப்புமாக ஒரு நாள் காலையில் வந்து வாசலில் நின்றார். கேள்விக்காரரின் மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தார். “போயிட்டு வாங்க. இத்தனை நாள் முழுங்கினது போதும்” என்றார். அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை நாங்கள் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை.

பார்வையாளர் மாடத்தில் அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கீழே விவாதம் கலங்கரை விளக்கங்களுக்கு வண்ணம் பூசுவது பற்றி. குரல் பேச எழுந்ததும் அக்கா தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் நிறைந்துவிட்டது. இளம் வயதுக் குரல் அது. தம்பிக்கு நரைத்திருந்தாலும் குரல் நரைக்கவில்லை. வண்ணம் பற்றி இரண்டு வாக்கியம் பேசிவிட்டு அது கேட்டது: “பெயர் கூப்பிட்டபோது உறுப்பினர் எங்கே இருந்தார்?” உறுப்பினர்கள் சிலர் கொட்டாவி விட்டார்கள். “இது எந்தத் துறைக்கும்...” என்று சபாநாயகர் ஆரம்பித்தார். அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம்கூட இல்லை, புரியாத விஷயத்தைத் தம்பி விளக்குவான் என்ற பழைய நம்பிக்கைதான் இருந்தது. கேள்விக்காரரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றார். உட்காரும்படி காவலர் சைகை காட்டினார். கேள்விக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தார், கீழே நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“கேன்டீன்ல இருந்தேன். டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். வெளிய போகச் சொன்னாங்க, போனேன். தண்ணிக் குழாய் தரேன்னாங்க, வாங்கிக்கிட்டேன். என் பேரு காதுல விழுந்துச்சு, எழுந்திரிக்கலை.” கடைசியாக, “நீ முன்னாடி அனுப்பினதால மாமா போகலக்கா” என்றது.

சபையில் வீட்டுப் பேச்சு பேசக்கூடாது என்று விதி இருக்கிறது. யாரும் எழுந்து ஆட்சேபிக்கவில்லை. சுருக்கெழுத்தாளர்கள் தலையை நிமிர்த்திச் சபாநாயகரைப் பார்த்தார்கள். பார்வையாளர் பேசினால் பதிவு செய்யக்கூடாது, உறுப்பினர் பேசினால் பதிவு செய்தே ஆக வேண்டும். பேச்சு வந்தது உறுப்பினரின் இருக்கையிலிருந்து. சபாநாயகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “பதில் சபையின் மேஜைமேல் வைக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது” என்றார். சுருக்கெழுத்தாளர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். பிறகு கலங்கரை விளக்கங்களுக்குச் சிவப்பா வெள்ளையா என்பது வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வெள்ளை ஜெயித்தது.

அக்கா முன்னால் நடந்தார், கேள்விக்காரர் பின்னால். அவர்களோடு குரலும் வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தபோது, பேசாமல் அழுதுகொண்டிருக்கும் அம்மாவையும், வாயே திறக்காத ஐயாவையும், நடுவில் யாரும் இல்லாத இடத்திலிருந்து வந்த விசும்பலையும் பார்த்துவிட்டு, இரண்டு டிக்கெட்டே போதும் என்று முடிவு செய்தார்.  வீட்டுக்கு வந்ததும் அக்கா அடுப்பைப் பற்ற வைத்து, மூன்று கிளாஸில் டீ ஊற்றினார். ஒன்றைத் தனக்கும், ஒன்றைத் தம்பிக்கும், ஒன்றைத் தன் கணவர் உட்காரும் பெஞ்சின் மேலும் வைத்தார். குரல் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

“அன்னைக்கு டீ சூடா இருந்துச்சா?” என்று அக்கா கேட்டார்.

“இருந்துச்சுக்கா.”

“இத்தனை வருஷம் நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா. தினம் உன்கிட்டதானே சொன்னேன். என் கையத் தட்டிக் குடுத்தியே.”

 கேள்விக்காரர் கிளாஸைத் தொடவில்லை. அக்கா அதை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, “குடி, ஆறிடப்போகுது. முழுசாக் குடி. ஒரு சொட்டு மிச்சம் வைக்கக்கூடாது” என்றார். கேள்விக்காரர் குடித்தார்.

பதில் அச்சாகி வந்ததும் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாலத்திலிருந்து அவர் பெயரை அழித்தோம். டீக்கடையில் அவருக்கு எழுந்து நிற்பதையும் விட்டுவிட்டோம். குழாயை மூட வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. காலையில் திறந்தால் தண்ணீர் வருகிறது, நாங்கள் குடிக்கிறோம். சில நாட்களில் அது தொண்டையில் நிற்பது போல இருக்கிறது, இருந்தாலும் குடிக்கிறோம். குரல் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டது. சபையில் மருந்துக்கடைக்காரர் இப்போது நாற்காலி முழுவதிலும் உட்காருகிறார். கேள்விக்காரருக்கு யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குத்தான் போக வேண்டும். சாயங்காலமானால் போய்க் கதவைத் தட்டுவார். அக்கா உள்ளேயிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட மறுநொடியே குரல் ‘இருக்கேன்க்கா’ என்று சொல்லிவிடும். அதன் பிறகு கதவைத் திறப்பதும் திறக்காததும் அக்காவின் இஷ்டம். திறக்காத நாட்களிலும் அவர் வாசலிலேயே இருக்கிறார்.